அந்த அக்கா நான் இல்லை

1

இந்தக் கதை எனக்கு மாடிப்படியில் கிடைத்தது. எதிர்வீட்டு வாசலில் நடந்ததை என் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். நடந்ததை நடந்தபடி எழுதினால் நம்பமாட்டீர்கள். கொஞ்சம் பொய் கலந்தால் நம்புவீர்கள். உங்கள் லட்சணம் எனக்குத் தெரியும். என் லட்சணமும் அதுதான்.

தொடக்கம்: மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில், அவள் —

(மழையும் இல்லை, மாலையும் இல்லை. அடித்துவிட்டேன்.)

2

எதிர்வீட்டுக்காரிக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. தனிக்கட்டை. யாரையும் வாசல் தாண்டி விடமாட்டாள். வீட்டுக்கு நீல வர்ணம் அடித்த கையோடு கூடம், சன்னல், கட்டில், தன் சிரித்த முகம் என்று எல்லாவற்றையும் படமெடுத்து இணையத்தில் போட்டாள். ஊரே பார்க்கட்டும் என்றுதான் போட்டாள். ஊர் பார்த்தது. எவனோ அவற்றை அள்ளிக்கொண்டு போய், அவள் பெயரிலேயே, 'வீடு வாடகைக்கு' என்று விளம்பரம் கொடுத்துவிட்டான்.

(எவளோவாகவும் இருக்கலாம். முகம் தெரியாதவருக்கு மீசை வரைவது என் வசதி.)

3

ஞாயிறு காலை. வாசலில் ஒரு நிறைமாதக் கர்ப்பிணி, அவள் புருஷன், மூட்டை முடிச்சுகள்.

"அக்கா! வந்துட்டோம்!"

"யாரும்மா நீ?"

"என்னக்கா வெளையாடுறீங்க? படி ஏறும்போது பாத்து ஏறுன்னு நேத்துகூட மெசேஜ் போட்டீங்களே."

"அது நான் இல்ல. யாரோ உங்கள ஏமாத்திருக்காங்க."

புருஷன் போனை நீட்டினான். "அட்வான்ஸ் கட்டியாச்சு. பழைய வீட்டையும் காலி பண்ணியாச்சு. இதே சன்னல், இதே செவுரு. மூஞ்சியும் உங்க மூஞ்சிதான?"

எதிர்வீட்டுக்காரி வாங்கிப் படித்தாள். 'வாந்தி நின்னுச்சா கண்ணு?' 'அம்மா இல்லன்னு அழாத, நான் இருக்கேன்ல?'

நம்ப நட, நம்பி நடவாதே என்பார்கள். முதல் பாதியை அந்த ஏமாற்றுக்காரன் கரைத்துக் குடித்திருந்தான். இரண்டாம் பாதியை இந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

கண்ணாடிக் கடைக்காரி யாரையும் 'கண்ணு' என்று கூப்பிட்டவள் இல்லை. அவள் முகத்தைத் திருடியவன் அவளைவிட நல்லவளாக இருந்திருக்கிறான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. (இது என் ஊகம். வெறும் பயமாகவும் இருக்கலாம்.) போனைத் திருப்பிக் கொடுத்தாள். கதவைச் சாத்தினாள்.

4

முடிவு ஒன்று: கதவு திறக்கிறது. "உள்ள வா, கண்ணு."

எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அந்த ஏமாற்றுக்காரனும் இப்படித்தான் உருகி உருகி எழுதியிருப்பான் என்று தோன்றியது. கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: போலீஸ் விரைந்து வந்து அவனைக் கையும் களவுமாக —

(கை கூசுகிறது. விடுங்கள்.)

5

நடந்தது இவ்வளவுதான். புருஷன் காவல் நிலையத்துக்கு ஓடினான். அந்தக் கர்ப்பிணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். போனை வாயருகே வைத்து, அழாமல் பேசி அனுப்பினாள்:

"அக்கா, உங்க மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க வேற யாரோ இருக்காங்கக்கா. கதவத் தொறக்கமாட்டேங்குறாங்க. எனக்கு பயமா இருக்கு. நீங்க சீக்கிரம் வாங்கக்கா."

அந்தக் கதவுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரிக்கும் இது கேட்டிருக்கும். இந்தக் கதவுக்குப் பின்னால் எனக்குக் கேட்டது. நான் தாழ்ப்பாளைத் தொடாமல் எழுத வந்து உட்கார்ந்துவிட்டேன்.

இப்போது உங்களுக்கும் கேட்டுவிட்டது. அவள் இன்னும் படியில்தான் இருக்கிறாள்.