ஐந்து கொண்டை ஊசிகள்

செரண்டாவில் செம்பனைத் தோட்டங்களில் மாட்டும் ரேடியோ பெட்டி செய்யும் ஃபேக்டரி ஒன்றில், தனேஸ்வரி வரைந்த முதல் ஃபில்டர் இரண்டு முறை தோற்றுப்போயிருந்தது. பெரிய சாமான் ஒன்றுமில்லை. தீப்பெட்டி அளவு போர்டில் கொண்டை ஊசி மாதிரி வளைத்த ஐந்து செம்புக் கோடுகள், அவ்வளவுதான். வேண்டிய அலையை மட்டும் உள்ளே விட்டு, மற்றதையெல்லாம் வாசலிலேயே திருப்பி அனுப்ப வேண்டும். அதுவோ 5800 மெகாஹெர்ட்ஸில் திறக்க வேண்டிய கதவை 5650இல் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

மேனேஜர் சுகுமாறனுக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றாவது போர்டும் இப்படித்தான் என்றால் வெளிநாட்டு ஃபில்டரையே வாங்கிக்கொள்ளலாம், தனேஸ்வரி பழையபடி டெஸ்டிங் மேசைக்குப் போகலாம் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். மூன்று மணிக்கு வந்து பார்ப்பாராம். கெர்லிங்கிலிருந்து மழையில் நனைந்து மோட்டார் சைக்கிளில் வந்து, நான்கு வருடம் அடுத்தவர் வரைந்ததையே சோதித்துக்கொண்டிருந்தவள் அவள். மறுபடி அந்த மேசையா?

இந்த முறை அவள் யாரையும் நம்பவில்லை. மெஷின் வெட்டித் தள்ளிய கையோடு போர்டைத் தானே எடுத்துப்போய் அளந்தாள். 5800! இம்மி பிசகவில்லை. நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்து நிம்மதியாகச் சாப்பிட்டாள். திரும்பி வந்து ஆசைக்கு இன்னொரு தடவை அளந்தால், மறுபடி 5650. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. போர்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பளபளவென்று மின்னியது. இந்தப் பாழாய்ப்போன பளபளப்பு காலையில் இல்லையே?

எல்லாம் அந்தோணிதாஸ் அங்கிள் வேலை. இருபது வருடமாக அவர் கையால் பூச்சு வாங்காமல் ஒரு போர்டும் அங்கிருந்து வெளியே போனதில்லை. தோட்டத்து மழைக்கும் ஈரத்துக்கும் வெறும் செம்பு ஆறே மாதத்தில் பச்சை பூத்துவிடும். அவள் சாப்பிடப் போன நேரத்தில் பாசமாகப் பூசி, காயவும் வைத்து, திரும்பக் கொண்டுவந்து வைத்திருந்தார். முதல் இரண்டுக்கும் இதே உபசாரம்தான். எப்போதும் பூசித்தான் கைக்கு வரும் என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. கோட்டின் மேல் பூச்சு உட்கார்ந்தால் அலை மெதுவாகிவிடும், கதவும் கீழே இறங்கிவிடும். விஷயத்தைக் கேட்டதும் மனுஷன் முகம் செத்துப்போயிற்று. துடைத்து எடுத்துவிடட்டுமா என்று பஞ்சைத் தேடினார்.

"வேணாம் அங்கிள். பூச்சு இல்லாம தோட்டத்துல இது நிக்காது. கோட்டைத்தான் குறைக்கணும்."

மணி இரண்டரை. ஒவ்வொரு நுனியிலும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு எடுக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. மொத்தம் பத்து நுனி. பூதக்கண்ணாடிக்குக் கீழே பிளேடால் சீவினாள். அந்தோணிதாஸ் மூச்சை அடக்கிக்கொண்டு போர்டைப் பிடித்திருந்தார். ஒன்பதாவது நுனியில் ஈரக் கையில் பிளேடு வழுக்கியது. நிறுத்தி, வியர்வையைப் பேன்ட்டில் துடைத்துவிட்டு மறுபடி சீவினாள். வெட்டிய இடத்திலெல்லாம் அவர் பூச்சைத் தொட்டு வைத்தார்.

சுகுமாறன் வந்தபோது திரையில் கோடு விறுவிறுவென்று ஏறி, 5800இல் சமமாக நின்று, அந்தப் பக்கம் செங்குத்தாக இறங்கியது. இரண்டு முறை வயரைக் கழற்றி மாட்டச் சொன்னார். கோடு அசைந்து கொடுக்கவில்லை. வெளிநாட்டுக்கு அனுப்ப எழுதி வைத்திருந்த ஆர்டரைப் போனிலேயே அழித்தார்.

"நூறு போர்டு போடுலா. உன் டிசைன்தான்."

தனேஸ்வரிக்குத் தலைகால் புரியவில்லை. குற்றவாளி போல ஒதுங்கி நின்ற அந்தோணிதாஸைத் தேடிப் போனாள்.

"அங்கிள், நூறையும் நீங்கதான் பூசணும். எல்லாம் ஒரே கனம். இனி உங்க பூச்சும் என் கணக்குல இருக்கு."

அவர் பழைய தூரிகையைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைப் பிரித்தார்.