பதினோராவது கை

மேலே போன கை இறங்க மாட்டேன் என்கிறது, என் கைதான், ஐஸ் பெட்டி தூக்கித் தூக்கி முட்டி வீங்கிய கை, கோயில் கூடத்தின் மின்விசிறிக் காற்றில் முந்தானை அதோடு சேர்ந்து ஆடுகிறது, ஃபாதர் விரலை நீட்டி வரிசையாக எண்ணிக்கொண்டு வருகிறார், வரட்டும், நன்றாக எண்ணட்டும், இது என் வீட்டுக் கை, என் வீட்டுக்காரர் ததேயூஸ் இருந்திருந்தால் அவர் தூக்கியிருப்பார், அவர் இல்லை, கொழுந்தனை அனுப்பி வை, பொம்பளை வந்து என்ன பேசப் போகிறாய் என்றார்கள், எனக்க வீட்டுக்கு நான் இருக்கேன், கொழுந்தனுக்கு அவனுக்க வீடு இருக்கு என்று சொல்லிவிட்டு வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தேன், அது போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெயில் ஏறிய நேரம், ஆனால் எனக்கு அது முடியவில்லை, கண்ணை மூடினால் கூடம், திறந்தால் கூடம், சுவரில் சவேரியார் படம், அதற்குக் கீழே எங்கள் கிளப்பு வாங்கிய கோப்பைகள், தூசி தட்ட ஆளில்லாமல் வாய் பிளந்து நிற்கின்றன.

சவேரியார்துறை ஃபுட்பால் கிளப்பு என்றால் கரையில் அறியாத ஆள் கிடையாது, முதல் டிவிஷனை விட்டு ஒருநாளும் இறங்காத கிளப்பு, எங்கள் பையன்களின் ஆட்டம் இருக்கிறது என்றால் அன்றைக்கு மூன்று ஊர் வள்ளம் கடலுக்குப் போகாது, அப்படிப்பட்ட கிளப்பு இந்த வருடம் தோற்றது பாருங்கள், தோற்றது, மறுபடி தோற்றது, கடைசியில் பந்தை ஒழுங்காக உதைக்கத் தெரியாத ஓர் ஊரிடம் ஐந்து கோல் வாங்கி வந்தது, பழைய மாஸ்டர் விசிலைக் கழற்றி ஃபாதர் மேசைமேல் வைத்துவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார், இன்னும் நாலு ஆட்டம்தான் பாக்கி, கீழே விழுந்தால் இரண்டாம் டிவிஷன், இரண்டாம் டிவிஷன் ஆட்டத்தை யார் வந்து பார்ப்பார்கள், போலீசிலிருந்தும் துறைமுகத்திலிருந்தும் ஆள் எடுக்க வருகிறவர்கள் முதல் டிவிஷன் மைதானத்தில்தான் நாற்காலி போட்டு உட்காருவார்கள், எங்கள் பிள்ளைகளுக்குக் கடலை விட்டால் அந்த ஒரு வாசல்தான், ஆகையால் புது மாஸ்டர் வேண்டும், உடனே வேண்டும், யார் ஆடுவது யார் உட்காருவது என்று சொல்கிறவர் அவர்தான். எங்கள் ஊரில் மாஸ்டரை ஃபாதர் நியமிப்பதில்லை, கமிட்டியும் இல்லை, பதினோரு வீடு சேர்ந்து தேர்ந்தெடுக்கும், கடைசி ஆட்டத்தில் யார் யார் இறங்கினார்களோ அந்தப் பதினோரு பேருடைய வீடு, வீட்டுக்கு ஒரு கை, பிள்ளையைக் கொடுத்தவனுக்குத்தான் பிள்ளையை யார் கையில் கொடுப்பது என்று சொல்ல உரிமை என்று எந்தக் காலத்திலோ முடிவு செய்தார்களாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் யோசித்துப் பாருங்கள், தன் பிள்ளையை வெளியே உட்கார வைக்கிறவனுக்கு எந்த வீடு கை தூக்கும், தன்னைத் தேர்ந்தெடுத்த வீட்டுப் பிள்ளையை எந்த மாஸ்டர் உட்கார வைப்பான், அதனால் ஒருமுறை உள்ளே போனவன் உள்ளேதான், கேப்டனுக்கு வயிறு வந்துவிட்டது, பின்னால் நிற்கிறவன் திரும்புவதற்குள் பந்து வலைக்குள் போய்விடுகிறது, கண்ணிருக்கிற எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் சொல்ல மாட்டோம், நான் உன் பிள்ளையைச் சொன்னால் நீ என் பிள்ளையைச் சொல்வாய்.

என் பிள்ளை ரெஜின், அவன்தான் கோலி, கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்கிறவன், நான் மட்டும் என்ன யோக்கியம், அவனுக்குத் தோள் கழன்று சேர்த்து வைத்தபிறகு இடப்பக்கம் உயர வருகிற பந்துக்குக் கை போகாது என்று எனக்குத் தெரியாதா, சட்டை போடும்போது முகம் சுளிப்பதைப் பார்க்கிறேன், எண்ணெய் காய்ச்சித் தடவுகிறேன், இப்ப எப்படி மக்கா இருக்கு என்பேன், ஒண்ணுமில்ல, சும்மா ஒரு பிடிப்பு என்பான், அந்தச் சும்மாவில் ஐந்து கோல் போயிருக்கிறது. மாஸ்டர் வேலைக்கு இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் வென்சிலாஸ், எங்கள் ஊர்க்காரர், கூடப்பிறந்த உறவில்லை, ஆனாலும் என்னை மைனி என்றுதான் கூப்பிடுவார், என் ததேயூசோடு ஒரே வள்ளத்தில் தொழில் பார்த்தவர், பழைய ஆட்டக்காரர், வாய் நிறையச் சிரிப்பு, தங்கமான மனிதர், யாரையும் ஒரு சொல் கடிந்து பேசமாட்டார், கிளப்பு அவர் கையில் போனால் அடுத்த வருடம் கோப்பைகளுக்குப் பக்கத்தில் இன்னும் கொஞ்சம் தூசி சேரும், அவ்வளவுதான். இன்னொருவர் சுயம்பு மாஸ்டர், கடல் இல்லாத ஊர், வயல்காட்டுப் பக்கம், மெலிந்த ஆள், சிரிக்கவே தெரியாது போல, முந்தின ஞாயிறு வந்து இதே கூடத்தில் எங்கள் முன்னால் நின்று, நான் வந்தா மூணு பேரு வெளிய இருக்கணும், கோலி, கேப்டன், வலது பேக்கு, இப்பவே சொல்லிட்டேன், பொறவு ஏமாத்திட்டாம்னு சொல்லப்பிடாது, மூணு வீட்டுக்காரங்களும் என்னைய மன்னிக்கணும் என்று கும்பிட்டுவிட்டு, கொடுத்த காப்பியையும் குடிக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார். பிறகு கூடத்தில் என்ன கூச்சல், என்ன தெனாவட்டு பாத்தியளா, கைய கேட்டு வந்தவன் கழுத்தப் பிடிக்கான் என்றார் கேப்டனுடைய அப்பா, எனக்கும் ஆத்திரம்தான், அந்த ஆத்திரத்துக்குள்ளேயே ஒரு மூலையில், இந்த ஆள் சொல்கிறது சரி என்றும் இருந்தது, அந்த மூலையை நான் சாத்திவிட்டேன்.

ஏன் சாத்தினேன் என்று கேளுங்கள், ததேயூசைக் கொண்டுபோன புயலில் எட்டு வள்ளம் போயின, ஏழு திரும்பின, அவர் உடல்கூடக் கிடைக்கவில்லை, அன்றைக்கு வென்சிலாசுக்குக் காய்ச்சல், அதனால் அவர் இருக்கிறார், ரெஜின் அப்போது மீசை முளைத்தும் முளைக்காத பையன், மணலில் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான், சோறு இல்லை, பேச்சு இல்லை, கேட்டால் அப்பாவைத் தேடிப் போகிறேன் என்பான், பைத்தியம்போல் வள்ளங்களைத் தள்ளப் போவான், நான் அவனைக் கோயிலுக்கு இழுத்து வந்து பீடத்துக்கு முன்னால் நிறுத்திக் கடலுக்குப் போக மாட்டேன் என்று சத்தியம் பண்ணுலே என்று அழுதேன், சத்தியம் பண்ண மாட்டேன் என்றான், அடித்தேன், அப்போதும் மாட்டேன், பிறகு வென்சிலாஸ் வந்தார், எங்கூட வாலே என்று மைதானத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு கம்பத்துக்கு நடுவில் நிறுத்தி, ஒனக்க அப்பன் நின்ன எடம் இது, பந்த விடாத என்றார், ஆமாம், ததேயூசும் கோலிதான், இருட்டுகிறவரை உதைத்தார்கள், உடம்பெல்லாம் புழுதியாக வீட்டுக்கு வந்தவன் பழங்கஞ்சி கேட்டான், அன்றைக்குத்தான் கேட்டான், குடித்துவிட்டுச் சொன்னான், அம்மா, அந்தப் போஸ்டுக்குள்ள நான் நிக்கது வரைக்கும் கடலுக்குப் போவ மாட்டேன், அது சத்தியம். நிற்கிறவரை, அவ்வளவுதான் சொன்னான், அதற்குமேல் நானும் கேட்கவில்லை, நின்றால் போதும் என்றிருந்தது, பத்து வருடம் நின்றான், பத்து வருடம் நான் தூங்கினேன். இப்போது தூங்கினால் ஒரே கனவு, மைதானம் முழுக்கத் தண்ணீர், அவன் கம்பத்துக்கு நடுவில் நிற்கிறான், பந்து வரவில்லை, அலை வருகிறது, அவன் கையை விரித்துக்கொண்டு அதன்மேல் பாய்கிறான், இடப்பக்கம் பாய்கிறான், லேய் வலதுபக்கம் பாயலே என்று நான் கத்துகிறேன், விழிக்கும்போது அவன் கட்டிலில் இருக்கிறான், மூச்சு வருகிறதா என்று மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறேன், இருபத்தேழு வயது எருமை மாட்டுக்கு.

அதனால் எனக்குக் குழப்பமே இல்லை, கூடத்துக்குள் ஏறும்போதே தெரியும் யாருக்குத் தூக்குவது என்று, கூடவே பிலோமியும் வந்தாள், அவளுக்குக் கை கிடையாது, எனக்குத் துணைக்கு வந்தாள், பிலோமியின் மகன் அஜின் கிளப்பின் இரண்டாவது கோலி, ஐந்து வருடமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், துவைத்த சட்டை துவைத்தபடி வீட்டுக்குத் திரும்பும், ஐந்து கோல் வாங்கிய அன்றைக்குக்கூட அவள் என்னிடம் ஒரு வார்த்தை, எனக்க மொவன எறக்கியிருக்கலாமேன்னு ஒரு வார்த்தை சொன்னதில்லை, எங்க வீட்டுக்கு வந்து மைனி, ரெஜினுக்கு ஒத்தடம் குடுத்தியளா என்று கேட்டாள், நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன். ஃபாதர் ஜெபம் சொன்னார், சுயம்பு மாஸ்டருக்கு எத்தனை வீடு என்று கேட்டார், ஐந்து கை போயிற்று, சின்னப் பையன்களின் வீடுகள், துறைமுகத்து வேலைக்குக் காத்திருக்கிற வீடுகள், அவர்கள் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, வென்சிலாசுக்கு என்றார், நான் தூக்கினேன், எல்லாருக்கும் முந்தித் தூக்கினேன், பின்னால் ஐந்து கை ஏறியது, ஃபாதர் மற்ற ஐந்தையும் எண்ணிவிட்டு என்னிடம் வருகிறார், விரல் என் நேராக நீண்டிருக்கிறது, வென்சிலாஸ் ஓரத்தில் நின்று, பயப்படாதிய மைனி, போஸ்டு அவனுக்குத்தான் என்று கண்ணாலேயே சொல்கிறார், அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு குரல், ஃபாதர், அந்தக் கைய எண்ணாண்டாம்.

ரெஜின், ஆட்டக்காரர்கள் கூடத்துக்குள் வரக்கூடாது, வெளியே கொடிமரத்தடியில் நிற்க வேண்டும், அது முறை, அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டான், நான் வெலகுதேன் ஃபாதர், இப்ப இந்த நிமிஷத்துல வெலகுதேன், பதினொண்ணுல நான் இல்ல, இல்லாதவனுக்க வீட்டுக்கு ஏது கை என்றான், வென்சிலாஸ்தான் முதலில் பேசினார், லேய் மக்கா, வெளிய போ, ஒனக்காவத்தான நான் நிக்கேன் என்றார், அவன் அவரைப் பார்த்து, அதான் சித்தப்பா எனக்குப் பொறுக்கல, எனக்காவ ஒரு கிளப்பே நிக்குது, பந்து வருது, தெரியுது, கை போவ மாட்டேங்குது, எத்தன நாளைக்கு நீங்க எல்லாரும் தெரியாத மாதிரி இருப்பிய என்றான், சொல்லும்போது குரல் உடையவில்லை, எனக்குத்தான் உடைந்தது, நான் பெத்த பிள்ளையாலே நீ, எனக்க கைய வெட்டிப் போட நீ யாருலே என்று கத்தினேன், கோயில் கூடம் என்று பார்க்கவில்லை, அம்மா, கைய எறக்கு என்றான், எறக்க மாட்டேன், எறக்கினா நீ வள்ளத்துல ஏறிருவ என்றேன், ஊர் முழுக்கக் கேட்கச் சொன்னேன், இல்லம்மா, ஏற மாட்டேன் என்று ஒரு பொய்யாவது அவன் சொல்லியிருக்கலாம், சவேரியார் படத்துக்கு முன்னால் நின்று பொய் சொல்ல அவனுக்கு வராது, அவன் அப்பனுக்கும் வராது, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஃபாதர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டு, அவன் சொல்லுகது முறைதான், இப்ப அஞ்சுக்கு அஞ்சு, அடுத்த கோலி எந்த வீடோ அந்த வீட்டுக் கை என்றார், யாரும் பெயர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இல்லை, எல்லாக் கண்ணும் எனக்குப் பக்கத்தில் பிலோமிமேல் வந்து நின்றது, வென்சிலாஸ் வந்தால் ரெஜின் காலைப் பிடித்தாவது திரும்பக் கூட்டி வந்துவிடுவார், அஜின் மறுபடி பெஞ்சுக்குத்தான், அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மைனி, நான் என்ன செய்யட்டும் என்று என் மடியைப் பிடித்தாள், வென்சிலாசுக்குத் தூக்கு என்று நான் சொல்லியிருந்தால் தூக்கியிருப்பாள், சத்தியமாகத் தூக்கியிருப்பாள், அந்த ஒரு சொல் என் நாக்கு நுனியில் இருந்தது, என் பிள்ளை உயிர் அதில் இருந்தது, நான் அவள் முகத்தைப் பார்த்தேன், ஐந்து வருடம் வாய் திறக்காத முகம், எனக்குக் கோபம் கோபமாக வந்தது, எங்கிட்ட எதுக்குட்டி கேக்க, ஒனக்கும் ஒரு மொவன் இருக்கான்லா என்றேன், அவள் ஓவென்று அழுதுகொண்டே சுயம்பு மாஸ்டருக்குத் தூக்கினாள்.

அந்தக் கையை எண்ணினார்கள், என் கையை யாரும் எண்ணவில்லை, நாற்காலிகளை மடக்கினார்கள், கைதட்டினார்கள், யாரோ சுயம்பு மாஸ்டருக்குப் போன் போட்டார்கள், சுயம்பு வந்தார், மூன்று பேரையும் அவரவர் வீட்டுக்கே வந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார், அஜின் முதல் ஆட்டத்திலேயே இரண்டு பந்து தடுத்தானாம், ஊரே பேசுகிறது, கிளப்பு கீழே விழாது என்கிறார்கள், விழ வேண்டாம், நன்றாக இருக்கட்டும், பிலோமி மீன் குழம்பு கொண்டுவந்தாள், வாங்கிக்கொண்டேன், வென்சிலாஸ் மட்டும் வந்து திண்டாடினார், எனக்க வள்ளத்துலயே வரட்டும் மைனி, கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுதேன் என்றார், ததேயூசையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டீர்களா என்று கேட்க வாயெடுத்து, பாவம், அடக்கிக்கொண்டேன். இன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் ரெஜினும் அவரும் புறப்பட்டார்கள், சோற்றுப் பாத்திரத்தை வாங்கும்போது, போயிட்டு வாறேம்மா என்றான், வா என்றேன், கூடமா கரையா என்று எனக்குப் பிடிபடவில்லை, வெயில் கண்ணில் அடிக்கிறது, காற்றில் முந்தானை ஆடுகிறது, வள்ளம் இரண்டாவது அலையைத் தாண்டிவிட்டது, அவன் முதுகு தெரிகிறது, திரும்பிப் பார்க்கிறானா என்று தெரியவில்லை, பார்த்தால் தெரியட்டும் என்று கையைத் தூக்கியிருக்கிறேன், வலிக்கிறது, வலிக்கட்டும், அவன் கரை ஏறுகிறவரை இதை நான் இறக்க மாட்டேன்.