இரண்டாவது அடுப்பு

உறைந்த ஆற்றில் பனிக்கட்டியை உடைத்து உண்டாக்கிய குழிக்குள் ஆன்ஜூக்காரி பாதிரியாரின் மேசை விரிப்பை முக்கி எடுத்தாள். முழங்கை வரை தோல் சிவந்திருந்தது. எதிரே கங்சோக்காரி ஒரு சட்டைத் துணியைத் தட்டைக் கல்லில் போட்டுக் கட்டையால் அடித்தாள். முதுகில் இறுக்கிக் கட்டியிருந்த இரண்டு வயதுப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டை விழும்போதெல்லாம் அவன் தலை ஆடியது. விழிக்கவில்லை.

"அக்கா, நீ என்ன பேரு கேக்கப்போற?"

"எனக்கு எதுக்குடி பேரு? நாப்பது வருஷமா பேரு இல்லாமலே எல்லாரும் நல்லாத்தான் திட்டுறாங்க."

கங்சோக்காரி சிரித்தாள். இருவரும் பிறந்த ஊரின் பெயரால்தான் அழைக்கப்பட்டார்கள். ஞானஸ்நானப் பதிவில் ஊரை எழுத முடியாது, ஆளுக்கொரு பெயர் வேண்டும் என்று ரென்விக் பாதிரியார் சொல்லியிருந்தார். கங்சோக்காரி தனக்கென்று ஒரு பெயரை முடிவு செய்துவிட்டாள். இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆன்ஜூக்காரிக்குப் பிள்ளை தங்கவில்லை. ஜப்பான்காரனும் சீனாக்காரனும் வந்து சண்டை போட்ட வருடம், புருஷனைப் பறிகொடுத்து இந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்த கங்சோக்காரியை அவள்தான் வீட்டுக்கு அழைத்துவந்தாள். "இவளையும் வச்சுக்க. உன் வம்சம் நிக்கட்டும்" என்று கணவன் பேக் மான்சொக்கிடம் சொன்னதும் அவள்தான். பையன் அப்படிப் பிறந்தவன். மான்சொக் பாதிரியாரின் குதிரைக்காரன். பாதிரியார் வீட்டுத் துணியெல்லாம் இந்த இரண்டு பெண்களிடம் வந்தது.

"கோட்டு ஞாபகம் இருக்கா?" என்றாள் கங்சோக்காரி, பிழிந்துகொண்டே.

"மறக்குமா!"

முதல் தடவை பாதிரியாரின் கறுப்புக் கோட்டு வெளுக்க வந்தபோது, எந்தத் துணிக்கும் செய்வதுபோலத் தையலை முழுக்கப் பிரித்து, துண்டு துண்டாக அலசி, திரும்பத் தைக்க உட்கார்ந்தார்கள். எந்தத் துண்டு எங்கே சேரும் என்று விளங்கவில்லை. ஒரு கை மேலே ஏறிப்போனது. பாதிரியார் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதைப் போட்டுக்கொண்டே அந்த ஞாயிறு பிரசங்கமும் செய்தார்.

கரைமேல் மணிச் சத்தம் கேட்டது. மான்சொக் மட்டக்குதிரையை இழுத்துக்கொண்டு இறங்கினான். தலைநகரில் நடந்த பாதிரிமார் கூட்டத்திலிருந்து பாதிரியாரை அன்று காலைதான் அழைத்து வந்திருந்தான். மீசையில் இன்னும் பனி ஒட்டியிருந்தது.

"என்னய்யா, ஞானஸ்நானம் எப்பவாம்?"

"ஈஸ்டருக்கு." அவன் குதிரையின் கழுத்தைத் தடவினான். "ஒரு சங்கதி இருக்கு. ரெண்டு பொம்பளைய வச்சிருக்கிறவனுக்குக் கிடையாதாம். பிரிஞ்சிடணுமாம். கேக்காதவனுக்கு மிஷன் வளாகத்துல வேலையும் இல்லியாம்."

கட்டை நின்றது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிரியணும், அவ்வளவுதானே?" என்றாள் ஆன்ஜூக்காரி. "நான்கூட என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

ஒரே அடுப்பில் சமைத்தால் ஒரு குடும்பம். அடுப்பு வேறானால் குடும்பம் வேறு. அண்ணன் தம்பி பிரிவதும் அப்படித்தான். ஒரு இரும்புப் பானையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தின் அந்தப் பக்கம் போனால் முடிந்தது.

மறுநாளே வேலை தொடங்கினார்கள். மான்சொக் ஆற்றங்கல்லைக் குதிரைமேல் ஏற்றிவந்தான். கெட்டித்த மண்ணை ஆன்ஜூக்காரி வெந்நீர் ஊற்றி இளக்கினாள். கங்சோக்காரி வைக்கோலை நறுக்கிப்போட்டு மிதித்தாள். வைக்கோல் போர் கிடந்த கொட்டகையில் அடுப்பு எழும்பியது. பக்கத்து வீட்டுக் கிழவர் வேலிமேல் எட்டிப் பார்த்தார்.

"என்ன மான்சொக், பொண்டாட்டிங்க சண்டை போட்டுட்டாங்களா? உன் எலும்பு முழுசா இருக்கா?"

"சண்டை இல்ல பெரியவரே, சாமி சமாச்சாரம்!" என்று ஆன்ஜூக்காரி கத்தினாள்.

சந்தையில் பழைய இரும்புப் பானை ஒன்று கிடைத்தது. எண்ணெய் தடவித் தீ மூட்டிப் பழக்கினார்கள். புகை சரியாகப் போனது. தினைச்சோற்றை அடுப்பில் ஏற்றி, முள்ளங்கி ஊறுகாயும் கிண்ணத்தில் எடுத்துவைத்து, பாதிரியாரை அழைக்க மான்சொக்கை அனுப்பினார்கள்.

ரென்விக் பாதிரியார் குனிந்து கொட்டகைக்குள் வந்தார். அந்த ஊரில் வந்து தங்கிய முதல் வெள்ளைக்காரர் அவர். வந்த புதிதில் யாரும் வீடு கொடுக்காமல், மான்சொக் வேலைபார்த்த சத்திரத்தில் குதிரைகளுக்குப் பக்கத்து அறையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் கிடந்தார். ஊர்க் கோட்டையின் கிழக்கு வாசலில் வாங்கிய கல்லடித் தழும்பு நெற்றியில் இருந்தது. காலரா வந்த கோடையில் அவருடைய மனைவி போனாள். அன்று அந்த வீட்டுக்குள் நுழைய ஊரில் யாருக்கும் துணிவில்லை. கங்சோக்காரிதான் போய் அந்த அம்மாளின் உடம்பைக் கழுவி, துணி உடுத்திவிட்டாள்.

"பிரமாதமான அடுப்பு" என்று பாதிரியார் தரையில் உட்கார்ந்தார். "யாருக்கு?"

"எனக்குத்தான்யா" என்றாள் கங்சோக்காரி. "பிரிஞ்சாச்சு. இனி நான் வேற, அக்கா வேற. ராத்திரியும் இங்கதான் படுக்கிறேன்."

கிண்ணத்தை நோக்கிப் போன பாதிரியாரின் கை அப்படியே நின்றது. அடுப்பைப் பார்த்தார். பானையைப் பார்த்தார். சுவரில் இன்னும் காயாத விரல் தடங்களைப் பார்த்தார்.

"நான் சரியாச் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். "அடுப்பு இல்லம்மா. நீ இந்த வீட்டை விட்டுப் போகணும். இந்த ஊரை விட்டு."

பானையில் சோறு கொதித்து வழிந்து நெருப்பில் விழுந்தது.

"எங்க போறது?" என்றாள் ஆன்ஜூக்காரி.

"கங்சோவுல இவ அண்ணன் வீடு இருக்கில்ல" என்றார் பாதிரியார்.

"பையன்?"

"பிள்ளை தகப்பன் குலத்துக்குத்தான். அது உங்க வழக்கம்தானே?"

கங்சோக்காரி அப்போதுதான் வாய் திறந்தாள். "எங்க வழக்கம்னா நானும் இங்கதானேய்யா இருக்கணும்?"

பாதிரியார் தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அங்க கூட்டத்துல எல்லாரும் கையைத் தூக்கித்தான் முடிவு பண்ணுவீங்களாமே, இவர் சொன்னார்" என்றாள் ஆன்ஜூக்காரி. "நீங்க தூக்கினீங்களாய்யா?"

"தூக்கினேன்."

"இவ முகம் அப்ப ஞாபகம் வந்துச்சா?"

"வந்துச்சு" என்றார் பாதிரியார்.

ஆன்ஜூக்காரி கணவன் பக்கம் திரும்பினாள். "உன் வாயில என்ன, கொழுக்கட்டையா? சொல்லு. ஞானஸ்நானம் வேணாம்னு சொல்லு."

மான்சொக் தரையைப் பார்த்தபடி இருந்தான். வேலை போனால் குதிரை போகும். துணி வராது. வீடும் மிஷன் நிலத்தில் இருந்தது. அவன் மூக்கை உறிஞ்சினான்.

கங்சோக்காரி அவனை நெடுநேரம் பார்த்தாள். பிறகு பானையை இறக்கிவைத்தாள்.

"நான் போயிட்டா எனக்கும் ஞானஸ்நானம் உண்டாய்யா?"

"உண்டு. கங்சோவுக்கு நானே வந்து கொடுக்கிறேன். பேரும் வைக்கிறேன்."

"பேரு கிடைச்சிடும்" என்றாள் அவள். "கூப்பிடத்தான் ஆள் இருக்காது."

பாதிரியார் எழுந்தார். தலை கூரைக்கட்டையில் இடித்தது. "பாதை மோசம். என் குதிரையிலேயே போம்மா."

"குதிரையை ஓட்டுறது யாரு?" என்று அவள் கேட்டாள்.

பாதிரியார் மான்சொக்கைப் பார்த்தார். மான்சொக் கொட்டகையை விட்டு வெளியே போனான்.

போவதற்கு முன்பு அவள் ஒரு வேலையை முடித்தாள். மான்சொக்கின் பண்டிகை அங்கியைப் பிரித்து, சாம்பல் நீரில் அவித்து, அலசி, கஞ்சி போட்டுக் காயவைத்தாள். ஈரம் சற்று இருக்கும்போதே மடித்து வழவழப்பான கல்லில் வைத்தார்கள். இரண்டு பெண்களும் எதிரெதிரே உட்கார்ந்து, கைக்கொரு கட்டையாக நான்கு கட்டைகளால் மாற்றி மாற்றித் தட்டினார்கள். ஒன்றின் இடைவெளியில் மற்றது விழுந்தது. வழக்கமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு செய்வார்கள். அன்று பேச்சில்லை. பையன் ஆன்ஜூக்காரியின் முதுகில் தூங்கினான். துணி பட்டுப்போல மினுங்கியதும் கங்சோக்காரி அதைத் தைத்துக் கொடுத்துவிட்டு, இரும்புப் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள். பையன் விழிப்பதற்குள் போய்விட வேண்டும் என்று ஆன்ஜூக்காரியே சொன்னாள். பிறகு மண்பாதையில் பாதித் தூரம் பின்னாலேயே ஓடினாள்.

ஈஸ்டர் அன்று சபைக்கு வந்த எல்லா அங்கிகளிலும் மான்சொக்கின் அங்கிதான் வெண்மையாக இருந்தது. பாதிரியார் அவன் தலையில் தண்ணீர் வைத்தார். கொஞ்சம் தோளில் சிந்தி, மினுக்கத்தில் ஒரு வட்டக் கறை விழுந்தது. ஆண்களையும் பெண்களையும் பிரிக்கும் திரைக்குப் பின்னால் ஆன்ஜூக்காரியின் பெயரைக் கேட்டார்கள். அவள் பெயர் வேண்டாம் என்றாள்.

அடுத்த வாரமும் துணி வந்தது. சாயங்காலம் பாதிரியார் சன்னலருகே பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். கீழே பள்ளத்தில் மான்சொக்கின் வீட்டிலிருந்து கட்டைச் சத்தம் வந்தது. அவருடைய வெள்ளைச் சட்டையைத்தான் தட்டிக்கொண்டிருந்தாள் ஆன்ஜூக்காரி. முதுகில் பையன் விழித்திருந்தான். எதிர்ப் பக்கம் இரண்டு கட்டைகள் கல்லின்மேல் கிடந்தன. அவள் இரண்டு தட்டுத் தட்டினாள், நிறுத்தினாள். இரண்டு தட்டு; நிறுத்தம். ஒவ்வொரு நிறுத்தமும் எதிரே இருப்பவள் தட்டி முடிக்கிற அளவுக்கு இருந்தது.

பாதிரியாரின் பேனா ஒவ்வொரு நிறுத்தத்திலும் காகிதத்தின்மேல் நின்றது.