முதல் சத்தத்துக்கு ஒரு கேமரா

முதலாளியின் மச்சானுக்குக் கடையில் எல்லோரும் வைத்த பெயர் வைரல். அதை ஏதோ விருது மாதிரி நினைத்துக்கொண்டு அவன் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான். மூன்று நாள் ஆன்லைன் வகுப்பு, வட்டமாக எரியும் ஒரு விளக்கு, ஒரு போன். இவற்றை வைத்தே இந்தக் காது மிஷின் கடையை ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியவைக்கப் போவதாக அக்காள் புருஷனிடம் அளந்திருந்தான். அந்த மனுஷரும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்.

டீச்சருக்கு அவனைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் நிஜத்தில் டீச்சர் இல்லை. பதினான்கு வருஷமாக அந்தக் கடையில் காது மிஷின் பொருத்துகிறவள். "கழட்டி வச்சீங்களா? உண்மையச் சொல்லுங்க" என்று வயசானவர்களை அதட்டி அதட்டியே வாங்கிய பெயர் அது.

வைரல் வந்ததும் முதல் வேலையாக, ஓர் ஆளைப் பஞ்சடைத்த ராட்சதக் காதுக்குள் நுழைத்துக் கடைவாசலில் ஆடவிட்டான். ஆள் வெயிலில் மயங்கி விழுந்தான். அதையும் படம் எடுத்து, பாட்டு சேர்த்துப் போட்டான். எதிர்க்கட்டடத்துப் பல் டாக்டர் வீடியோவில் கையில் கருவியோடு குதிக்கிறார், மேல்மாடி வக்கீல் காரில் உட்கார்ந்தபடியே அரை நிமிஷத்தில் விவாகரத்து சொல்லித் தருகிறார், நாம் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா என்பது அவன் வாதம். படித்தவர்கள் இப்படி வெட்கம் கெட்டு ஆடுவதைப் பார்க்க டீச்சருக்குக் குமட்டும். ஆனாலும் வக்கீலின் வீடியோவை அவள் இரண்டு தடவை பார்த்திருந்தாள்.

காது பொம்மை எடுபடாமல் போனபின் அவனுக்குப் பெரிய யோசனை ஒன்று உதித்தது. வருஷக்கணக்காகக் காது கேளாதவர் மிஷின் மாட்டிய நொடியில் கண்ணீர் விட வேண்டும், அதைப் படம் எடுக்க வேண்டும். தலைப்பு, 'முதல் சத்தம்'.

"யாரும் அழமாட்டாங்கப்பா" என்றாள் டீச்சர். "முதல் நாள் மூஞ்சியச் சுளிப்பாங்க. அவ்வளவுதான்."

"அழுகைதான் டீச்சர் இப்ப மார்க்கெட்டிங். ஒருத்தர் அழுதா ஊரே ஷேர் பண்ணும்."

அவளுக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது. பல வருஷம் அமைதியில் இருந்த காதுக்கு மின்விசிறிச் சத்தமே இடி. சொந்தக் குரலே யாரோ பானைக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்கும். அதனால் முதல் நாள் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்பாள். பிறகு வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றுவாள். முதல் நாளே மிரண்டவர்கள் மிஷினைக் கழற்றி மேஜை டிராயரில் போடுவார்கள், அதோடு சரி, அது அங்கேயே கிடந்து மக்கும்.

அந்த வாரம் வந்தவர் அச்சகத்தில் முப்பது வருஷம் மெஷின் ஓட்டி ஓய்வு பெற்றவர். வீம்புக்காரர். எத்தனையோ பேர் சொல்லியும் மிஷின் வேண்டாம் என்று இருந்தவர், போன வாரம்தான் மனசு மாறியிருந்தார். இடுப்பு எலும்பு உடைந்து தேறிவரும் அவர் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து முக்கால் மணி நேரம் கூப்பிட்டிருக்கிறாள். இவர் முன்னறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த அம்மாள் எழுதிக்கொடுத்த துண்டுச்சீட்டை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து டீச்சரிடம் நீட்டினார்.

'நான் கூப்பிட்டா இவருக்குக் கேக்கணும். வேற எதுவும் வேண்டாம்.'

டீச்சர் அதை இரண்டு முறை படித்தாள். லேப்டாப்பில் மிஷினின் சத்தத்தைப் பாதிக்கு வைத்து மெதுவாகப் பொருத்தினாள். வைரல் போனைத் தூக்கினான். அச்சகக்காரர் அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ம், கேக்குது. கிளம்பலாமா?" என்றார்.

"என்ன டீச்சர் இது? பஸ்ஸுக்கு நிக்கிறவர் மாதிரி நிக்கிறார்" என்று வைரல் சலித்துக்கொண்டான். "கொஞ்சம் ஏத்துங்க. ரியாக்‌ஷன் வேணும்."

"மிரண்டுடுவார். போடவே மாட்டார்."

"ஒரே ஒரு தடவைம்மா, அப்புறம் குறைச்சுடலாம்" என்று முதலாளி குழைந்தார். "மச்சான் விளக்கெல்லாம் போட்டுட்டான் பாரு."

டீச்சர் நினைத்திருந்தால் லேப்டாப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. பிற்பாடு எத்தனையோ தடவை இதை நினைத்துத் தன்னையே காறித் துப்பிக்கொண்டாள். அவள் விரல்தான் அளவை உச்சிக்கு நகர்த்தியது. வைரல் அந்த மனுஷர் முதுகுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் சேர்த்துப் படாரென்று தட்டினான்.

அச்சகக்காரர் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார். உதடு கோணியது, கண்ணில் நீர் கொட்டியது. "அய்யோ, சூப்பர், சூப்பர்!" என்று வைரல் துள்ளினான். சத்தத்தை உடனே குறைத்தாள் டீச்சர். அதன்பின் யார் என்ன கேட்டாலும் அச்சகக்காரர் தலையை ஆட்டினார். எப்போது வெளியே ஓடலாம் என்பது மட்டுமே அவர் முகத்தில் இருந்தது.

வீடியோவை நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். 'மனைவியின் குரலைக் கேட்கப்போகும் ஆனந்தக் கண்ணீர்' என்று வைரல் எழுதியிருந்தான். அதன் கீழே முகம் தெரியாத ஜனங்கள் வரிசையாக அழுது வைத்தார்கள். வலியில் வந்த கண்ணீர் என்று ஒரு பிரகஸ்பதிக்கும் தோன்றவில்லை. அடுத்த வாரம் சரிபார்க்க வரச் சொல்லியிருந்த அச்சகக்காரர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை.

"வீட்டுக்குப் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?" என்று டீச்சர் கேட்டாள்.

"'ஒரு மாசம் கழிச்சு'ன்னு அடுத்த வீடியோவுக்குப் போறோமே, அப்பப் பாத்துக்கலாம்" என்றார் முதலாளி.

போனார்கள். வைரல் விளக்கை நிறுத்தினான், முதலாளி புதுச் சட்டையில் வந்து உட்கார்ந்தார், டீச்சரின் லேப்டாப்பை ஒரு அழகுக்காக மேஜைமேல் திறந்து வைத்தார்கள். அச்சகக்காரர் காதில் மிஷின் இருந்தது. பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதி அனுப்பியிருந்தான் வைரல். தெருவே வீடியோவைப் பார்த்துப் பாராட்டிவிட்டது, இனி உண்மையைச் சொல்ல அவருக்கு எந்த முகம் இருக்கும்? மனப்பாடம் செய்ததைக் கடகடவென்று ஒப்பித்தார்.

"இப்ப என் மனைவி மெதுவாப் பேசினாக்கூட எனக்குத் தெளிவாக் கேக்குது…"

"ஏங்க!" என்று உள்ளறையிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஏங்க! இங்க கொஞ்சம் வாங்களேன்!"

அவர் சிரித்த முகத்தோடு கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் வாழ்க்கையே மாறிடுச்சு…"

"கட்! கட்!" என்று வைரல் எரிந்து விழுந்தான். "உள்ள யாருங்க கத்துறது? கொஞ்சம் சும்மா இருக்கச் சொல்லுங்க."

டீச்சர் உள்ளே ஓடினாள். அந்த அம்மாள் கட்டிலிலிருந்து சறுக்கித் தரையில் உட்கார்ந்திருந்தாள். அடி படவில்லை, எழுந்திருக்கத்தான் முடியவில்லை. டீச்சர் கைகொடுத்துத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"கத்திக் கத்தி என் தொண்டை போனதுதான் மிச்சம்மா" என்றாள் அந்த அம்மாள். "அன்னைக்கு வந்து டிராயர்ல போட்டவர், நீங்க வர்றீங்கன்னு காலையிலதான் எடுத்து மாட்டினார். பேட்டரிகூட போடல."

டீச்சர் முன்னறைக்கு வந்தாள். வைரலின் கையிலிருந்த வசனத் தாளைப் பிடுங்கி, அதன் பின்பக்கத்தில் எழுதி அச்சகக்காரரிடம் நீட்டினாள்.

'தப்பு என்மேல. அன்னைக்கு வீடியோவுக்காகச் சத்தத்தை உச்சிக்கு ஏத்தினேன். மிஷின் அப்படி இருக்காது. இப்ப மெதுவா வைக்கிறேன். ஒரே ஒரு தடவை என்னை நம்புங்க.'

முதலாளி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டு, "இதெல்லாம் எழுத்துல கொடுப்பாங்களா?" என்று பல்லைக் கடித்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

அச்சகக்காரர் தாளைப் படித்தார். பிறகு காதிலிருந்ததைக் கழற்றி அவள் உள்ளங்கையில் வைத்தார். அவள் புதுப் பேட்டரியின் ஒட்டுத்தாளை உரித்து, அதை மிஷினில் போட்டாள், லேப்டாப்பில் அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினாள், விசிறியை நிறுத்தச் சொன்னாள், அவர் காதில் மாட்டினாள். வைரல் இதற்குள் போனைத் தூக்கிவிட்டிருந்தான்.

"கூப்பிடுங்கம்மா" என்று டீச்சர் உள்பக்கம் பார்த்துச் சொன்னாள்.

"ஏங்க!"

அச்சகக்காரரின் தலை திரும்பியது.

"ஏன் இப்படிக் கத்துற? வர்றேன் இரு" என்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, செருப்பைத் தேய்த்தபடி உள்ளே போனார்.

வைரல் எடுத்ததை ஓடவிட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "இதுல ஒண்ணுமே இல்லையே. ரியாக்‌ஷனே வரல. வேஸ்ட்."

"அழிச்சுடு" என்றாள் டீச்சர்.

அழித்தான். போனின் குப்பைப் பெட்டியிலும் அது இல்லை என்பதைத் திறந்து காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் அவள் லேப்டாப்பை மூடினாள்.