முப்பது நொடி

அப்பாவுக்கு அவசரமாகச் சிறுநீர் வந்ததால் அவள் படுக்கையோரத்தில் தொங்கிய மணியை அழுத்தினாள். அழுத்திய கையோடு வாய் தன்பாட்டுக்கு எண்ண ஆரம்பித்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று. ஆபீசில் சாஃப்ட்வேரைச் சரிபார்க்கும் ஆயிரத்து நூற்று நாற்பது டெஸ்டுகளை ஓடவிட்டு, அவை முடியும்வரை திரையையே பார்த்துக்கொண்டிருப்பவளுக்கு எண்ணுவது மூச்சு விடுவது மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஏழு, எட்டு. யாரும் வரவில்லை. பன்னிரண்டில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். நடைக்கூடத்தின் கோடியில், மேசைக்குப் பின்னால் நர்ஸ் உட்கார்ந்துதான் இருந்தாள். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வாசலுக்கு மேலே, மணி அடித்தால் எரிய வேண்டிய சின்ன மஞ்சள் விளக்கை இவள் அண்ணாந்து பார்த்தாள். அது எரியவில்லை. பத்தொன்பது, இருபது. இருபத்துநான்கில் விளக்கு எரிந்தது. எரிந்ததுதான் தாமதம், நர்ஸ் எழுந்து ஓட்டமும் நடையுமாக வந்துவிட்டாள்.

நேற்றுக் காலையும் இதே ஏழரை மணிக்குத்தான் அப்பா மணியை அழுத்திவிட்டுக் காத்திருந்து, அடக்க முடியாமல் தானே இறங்கப் போய்க் குப்புற விழுந்தார். வந்தது குடலிறக்க ஆபரேஷனுக்கு. இப்போது வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு, நெற்றியில் நாலு தையல். துணைக்கு இருந்த அண்ணன் அந்த நேரம் பார்த்துக் கீழே காபி குடிக்கப் போயிருந்தான். அந்தக் குற்ற உணர்ச்சியை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று தெரியாமல், நர்ஸ் மேல் இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். எழுத உட்கார்ந்துவிட்டால் அவனை யாராலும் நிறுத்த முடியாது.

"பத்து நிமிஷம் யாரும் வரலைன்னு எழுதியிருக்கான்," என்றார் அப்பா, நர்ஸ் பாத்திரத்தோடு வெளியே போனதும். "நான் இருபத்தாறு நொடின்னுதான் சொன்னேன். அது புகாருக்குப் பத்தாதுங்கறான்."

"எண்ணினீங்களாப்பா?"

"பின்ன?"

முப்பத்தொரு வருஷம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த மனிதர். எந்த வண்டி எத்தனை நிமிஷம் தாமதம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லியே பாதி டிரைவர்களைப் பகைத்துக்கொண்டவர். இருபத்தாறு என்றால் இருபத்தாறுதான். அவள் படுக்கையோரத்து மணியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் அவளுடைய கம்பெனியின் முத்திரை, நீல நிறத்தில், வழவழவென்று இருந்தது. ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று ராத்திரி அப்பா வந்த நர்ஸ் போன நர்ஸ் எல்லாரையும் பிடித்து நிறுத்தி, "இது எங்க பாப்பா கம்பெனியோடது, அவ சரிபார்த்துச் சொன்னாத்தான் வெளியவே போகும்," என்று சொல்லி மானத்தை வாங்கிக்கொண்டிருந்தார். பாப்பாவுக்கு முப்பத்தெட்டு வயது.

நர்ஸ் திரும்பி வந்து போர்வையைச் சரிசெய்துவிட்டு, போகும்போது வாசலில் தயங்கினாள். வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம்கூட ஆகாத பெண். இரவு அழுதிருக்கிறாள் என்று வீங்கிய இமைகள் சொல்லின.

"மேடம், கோவிச்சுக்காதீங்க. இப்ப எப்படி வந்தேனோ அப்படித்தான் நேத்தும் வந்தேன். லைட் எரிஞ்ச உடனே ஓடி வந்தேன். பதினோரு மணிக்குள்ள விளக்கம் எழுதிக் குடுன்னு மேட்ரன் சொல்லிட்டாங்க. கம்ப்யூட்டர்ல லைட் எரிஞ்ச நேரம்தான் இருக்கு, ஐயா அடிச்ச நேரம் இல்லை. நான் என்னன்னு எழுதறது?"

அவள் மணியைப் பழையபடி படுக்கையோரத்தில் தொங்கவிட்டாள். "பார்க்கலாம் சிஸ்டர்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அந்தப் பெண்ணை அதற்கு மேல் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

நானூற்றுப் பன்னிரண்டாவது டெஸ்ட். எண்ணைக்கூடத் தேட வேண்டியிருக்கவில்லை. படுக்கை மணியை அழுத்து, ஐந்து நொடிக்குள் விளக்கு எரிகிறதா பார், எரிந்தால் பச்சை, எரியாவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் அது. நிஜ மணியும் நிஜ விளக்கும் கிடையாது. அழுத்தியதுபோல் கணினியே ஒரு செய்தியை அனுப்பும், விளக்குக்குக் கட்டளை போய்ச் சேர்ந்ததா என்று கணினியே பார்த்துக்கொள்ளும். ஆயிரத்து நூற்று நாற்பதையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டினால் ஐந்தரை மணி நேரம் ஆகும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரே நேரத்தில் எட்டெட்டாக ஓடும்படி மாற்றி, அதை நாற்பது நிமிஷத்தில் முடித்துக் காட்டியவள் அவள்தான். எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் எழுந்து நின்று தட்டினார். அவருக்கு ஆபீசில் 'பச்சை' என்று பெயர், போனை எடுத்தால் ஹலோ வராது, "பச்சையா?" என்பதுதான் வரும்.

கை தட்டி முடித்த அடுத்த வாரமே நானூற்றுப் பன்னிரண்டு கிறுக்குப் பிடித்து ஆட ஆரம்பித்தது. தனியாக ஓட்டினால் பச்சை. மற்றவற்றோடு சேர்த்து ஓட்டினால் மூன்று தடவைக்கு ஒரு தடவை சிவப்பு. புரோகிராம் எழுதும் டெவலப்பர்களிடம் போய்ச் சொன்னாள். தனியா ஓடுதுல்ல, அப்ப எங்க மேல தப்பில்லை, உங்க டெஸ்ட் மெஷினுக்கு மூச்சு வாங்குது என்றார்கள். அவளும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தாள். சரியாகச் சொன்னால், அப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், புது வெர்ஷன் ரிலீசுக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஐந்து என்ற எண்ணை அழித்துவிட்டு முப்பது என்று போட்டாள். பக்கத்தில் 'தற்காலிகம்' என்று ஒரு குறிப்பும் எழுதினாள். அன்றைக்கு அடங்கிய டெஸ்ட் பிறகு வாயே திறக்கவில்லை.

தனியாக ஓடினால் பச்சை, எல்லாம் சேர்ந்து ஓடினால் சிவப்பு. நாற்காலியில் உட்கார்ந்தபடி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் யார் தனியாக மணி அடிக்கிறார்கள்? காலை ஏழரைக்கு எல்லா அறையிலும் எழுந்துவிடுகிறார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. அந்தக் கிறுக்கு டெஸ்ட் ஒன்றுதான் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் வாயைப் பொத்தியவள் அவள்.

அதன் பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஆபீசோடு இணைத்து, முப்பதை ஐந்தாக்கி, மொத்தத்தையும் ஓடவிட்டாள். புது வெர்ஷன் அன்று மதியம் பதினான்கு ஆஸ்பத்திரிகளுக்குப் போகவிருந்தது. திரையில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்தன. எழுந்து தண்ணீர்க் கூஜாவை நிரப்பினாள். ஏற்கெனவே மடித்திருந்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். ஜன்னலைத் திறந்து, அப்பா முகத்தைச் சுளித்ததும் மூடினாள். பதினாறாவது நிமிஷத்தில் ஒரு புள்ளி சிவப்பாக வந்தது. மெஷினாகக்கூட இருக்கலாமே என்று மனசு அப்போதும் பேரம் பேசியது. இரண்டாம் முறை ஓட்டியபோது பச்சை வந்துவிட, ஒரு நிமிஷம் வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டாள். மூன்றாம் முறை சிவப்பு. விளக்கு எரிய எடுத்துக்கொண்ட நேரம் என்ற இடத்தில் இருபத்தைந்து என்று இருந்தது. அப்பாவின் கணக்குக்கும் இதற்கும் ஒரே ஒரு நொடி வித்தியாசம்.

பத்து மணி வாக்கில் அண்ணன் வந்தான். அவனை ஜன்னல் பக்கம் தள்ளிக்கொண்டுபோய், தணிந்த குரலில் முழுவதையும் சொன்னாள். அவன் முகம் முதலில் புரியாமலும் பிறகு புரிந்தும் மாறியது.

"யாருக்காவது சொன்னியா?"

"இன்னும் இல்லை."

"சொல்லாதே. அந்தப் பொண்ணுக்கு என்ன, ஒரு விளக்கம் எழுதிக் குடுக்கணும், ரெண்டு திட்டு விழும். உனக்கு வேலையே போயிடும். வீட்டுக்கு யாரு கொண்டுவந்து போடுவா?"

"அண்ணா, அப்பா விழுந்தது என்னாலதான்."

"நான் மட்டும் பக்கத்துலயா இருந்தேன்? விடு."

படுக்கையிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. அப்பா தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவள் அருகில் போய் நின்றாள். இரண்டு திட்டு திட்டிவிட்டால் தேவலை என்று இருந்தது. அவர் மாவுக்கட்டுப் போட்ட கையை நெஞ்சுமேல் தூக்கி வைத்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"அப்ப நான் எண்ணினது சரிதானே?"

"சரிதான்ப்பா."

"ம்." அவர் இடது கையால் மணியைத் தேடி எடுத்தார். முத்திரை தெரியாதபடி அதைத் திருப்பித் தலையணைக்கு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டார். அவள் லேப்டாப் திரையை அப்படியே படமெடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டு வெளியே வந்தாள். அனுப்பிய ஐந்தாவது நிமிஷம் போன் அடித்தது.

"பச்சையா?"

"சிவப்பு சார். நானூற்றுப் பன்னிரண்டு."

"ஒண்ணே ஒண்ணுதானே? திரும்ப ஓட்டிப் பாருங்க."

"மூணு தடவை ஓட்டிட்டேன். அதுல ரெண்டு சிவப்பு."

"இத்தனை நாள் ஒழுங்காத்தானே போயிட்டிருந்தது. யாரோ எதையோ மாத்தியிருக்காங்க. படத்துல அஞ்சுன்னு இருக்கே, முப்பதை அஞ்சாக்குனது யாரு?"

"நான்தான் சார். அஞ்சை முப்பதாக்கினதும் நான்தான்."

பின்னணியில் யாரோ எதற்கோ சிரிப்பது கேட்டது. "நீங்க இப்ப எங்கே இருக்கீங்க?" என்றார் அவர் கடைசியில், வேறு குரலில்.

"நம்ம மணி இருக்கிற ஆஸ்பத்திரியிலதான் சார். மதியம் எதையும் அனுப்பாதீங்க," என்று சொல்லிவிட்டு, அவர் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

டாக்டர் தன் பரிவாரத்தோடு ரவுண்ட்ஸ் முடித்து அப்போதுதான் மாடிப்படியில் மறைந்தார். அவர் இருக்கும்வரை அடங்கிக் கிடந்த அறைகளில் இருமலும் பேச்சும் கட்டில் நகரும் சத்தமும் ஒரே நேரத்தில் கிளம்பின. நடைக்கூடத்துக் கோடியில் நர்ஸ் ஒரு வெள்ளைத்தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வரி எழுதி, அதில் இரண்டை அடித்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பத்தே முக்கால்.

"சிஸ்டர், அதை எழுதாதீங்க."

நர்ஸ் நிமிர்ந்தாள்.

"நீங்க லேட்டா வரலை. லைட்தான் லேட்டா எரிஞ்சது. எங்க அப்பா அடிச்சு இருபத்தாறு நொடி ஆகியும் உங்களுக்குத் தகவலே வந்திருக்காது."

"அது எப்படி மேடம் உங்களுக்குத் தெரியும்?" அந்தப் பெண்ணின் குரலில் நன்றி இல்லை, சந்தேகம்தான் இருந்தது. நேற்று அண்ணன் புகார், இன்று தங்கை வந்து இனிக்கப் பேசுகிறாள், யார்தான் நம்புவார்கள். "கம்ப்யூட்டர் தப்பு சொல்லாதுன்னு மேட்ரன் சொன்னாங்க."

சொல்ல வேண்டியதை அவள் வரும் வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்தாள். நான் அந்தக் கம்பெனியில் வேலை செய்கிறேன், தப்பு என்னுடையது, எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். முதல் சொல்லை எடுப்பதற்குள் எதிர் அறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. டக். மணியின் பொத்தானை அழுத்தும் சத்தம். வேறு யார் காதிலும் விழுந்திருக்காது. விழுந்தாலும் என்னவென்று தெரிந்திருக்காது. ஒன்று, இரண்டு. டக், டக் என்று மறுபடி. அழுத்துகிறவருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. ஐந்து, ஆறு. அந்த அறை வாசலுக்கு மேலே விளக்கு இருட்டாக இருந்தது. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. யாரோ ஒருவர் காலைக் கீழே தொங்கப்போட்டுவிட்டார்.

அவள் நர்ஸை விட்டுவிட்டு ஓடினாள். "இறங்காதீங்க, இறங்காதீங்க, வந்துட்டேன்," என்று கத்திக்கொண்டே கதவைத் தள்ளினாள். முழங்கால் தெரிய, ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றி, கட்டில் கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்த வயதான அம்மாளை இரண்டு கைகளாலும் தாங்கிப் பிடித்தாள். கனமான உடம்பு. வாய் விடாமல் எண்ணிக்கொண்டிருந்தது. பதினான்கு, பதினைந்து.

பிடித்த பிடியோடு திறந்த கதவு வழியே திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் கையில் பேனாவோடு எழுந்து நடைக்கூடத்தின் நடுவில் வந்து நின்றிருந்தாள். இவளை ஒருமுறை பார்த்தாள், வாசலுக்கு மேலே அண்ணாந்து பார்த்தாள். அங்கே விளக்கு இன்னும் எரியவில்லை.