வளர்மதி தராத மன்னிப்பு

சமூகப்பணி முதுகலை படிக்கும் ஹேமலதாவைக் களப்பயிற்சிக்காகப் புதுச்சேரியில் ஒரு மருத்துவமனை வார்டில் விட்டிருந்தார்கள். அங்கே பாவாடை என்ற முதியவர் ஆள் துணையில்லாமல் கிடந்தார். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போயிருந்தன. அவருடைய மகள் வளர்மதியைத் தேடிப்பிடிப்பது ஹேமலதாவின் வேலை.

ஒரு மத்தியானம் அவர் ஹேமலதாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“வளரு, வந்துட்டியா?”

இல்லையென்று சொல்லத்தான் வகுப்பில் கற்றிருந்தாள். வாய் வேறு சொன்னது. “வந்துட்டேம்பா.”

“உன் கையில சூடு வச்சது தப்பும்மா. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு.”

“மன்னிச்சிட்டேம்பா.”

அவர் முகம் தெளிந்தது. மறுநாள் காலையில் இறந்துபோனார்.

தகவல் கிடைத்து வளர்மதி உழவர்கரையிலிருந்து சவக்கிடங்குக்கு வந்தாள். நாற்பதை நெருங்கியவள், இடது கையில் முழங்கை வரை தழும்பு. “கடைசியா எதுனா சொன்னாரா?” என்று கேட்டாள். ஹேமலதாவால் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

வளர்மதி அழவில்லை, கத்தவுமில்லை.

“நான் மன்னிக்கலியே,” என்றாள். “அந்தாளு வாயத் தொறந்து கேக்கணும்னு எத்தினி வருஷமா காத்துக்கினு இருந்தேன், முடியாதுன்னு சொல்றதுக்கு. அதையும் நீயே வாங்கிக்கினியே.”

பிணத்தைப் பார்க்காமலே போய்விட்டாள்.

பேராசிரியை, “இரக்கத்துல செஞ்சதுதானே, விடும்மா,” என்றார். ஹேமலதாவை அது விடவில்லை. பேருந்தில், வகுப்பில், குளிக்கும்போதுகூட அந்தக் குரல் காதருகே கேட்கிறது: “வளரு, வந்துட்டியா?” நான் வளர்மதி இல்லை என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறாள். குரல் நம்புவதாகத் தெரியவில்லை.