குமிழி சாகமாட்டாள்

எண்பத்தேழு நாட்கள் முடிந்திருந்தன. கணவன் மௌத்தானால் மனைவி வெளியே வராமல் துக்கம் காக்கும் இத்தா நான்கு மாதமும் பத்து நாளும். பிறைக் கணக்கில் உம்மாவுக்கு இன்னும் நாற்பத்தொரு நாட்கள் இருந்தன. வாப்பாவை அடக்கிய அன்றே உள்ளறை ஜன்னல்களில் பத்திரிகைத் தாள் ஒட்டினார்கள். பேராதனையில் விஞ்ஞானப் பட்டம் எடுத்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருந்த நானும் உம்மாவோடு உள்ளேயே இருந்தேன்.

வாப்பா சீனிமுகம்மது மாஸ்டரைக் கல்முனையில் வாசிக்கிற எல்லாருக்கும் தெரியும். கடலுக்கடியில் ஜின்கள் வயல் செய்யும் ஊரையும், அங்கே வழிதவறிப் போன குமிழி என்ற பெண்ணையும் பற்றிப் பதினொரு வருடம் ஒரு மாத இதழில் எழுதினார். பிள்ளைகள் கடற்கரை மணலில் காதை வைத்துப் படுப்பார்கள். ஜின்கள் உழுகிற சத்தம் கேட்குமாம்.

இதழை நடத்திய சரீப் நானா நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருந்தார். ‘என் வாப்பாவின் கற்பனை’ என்று எழுதினேன். ஒரு வாரமாக அடுத்த சொல் வரவில்லை. அந்த மூன்று சொல்லும் சேர்ந்தால் பொய். அது உம்மாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். உண்மையை எழுதவா என்று கேட்டேன். மௌத்தானவரைப் பார்த்து ஊர் சிரிக்கக்கூடாது என்று உம்மா என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பின் சரீப் நானா வந்தார். இத்தாவில் இருப்பவரின் குரல் அந்நிய ஆணுக்குக் கேட்கக்கூடாது என்பது எங்கள் தெருவின் வழக்கம். உம்மா மெதுவாகச் சொல்வதை நான் திரையருகில் நின்று, வெளியே விறாந்தையில் இருக்கும் அவருக்குக் கேட்கச் சொல்ல வேண்டும். எனக்கோ பாதி தொண்டையிலேயே நின்றுவிடும்.

கட்டுரை முடியவில்லை என்றேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. தொடர் பாதியில் நிற்கிறது, வாசகர்கள் கடிதம் போட்டபடி இருக்கிறார்கள், ஆகவே கடைசி அத்தியாயத்தைத் தானே எழுதிவிட்டதாகச் சொன்னார். எங்கள் கரையை அழித்த எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல் மாதிரி ஒன்று வரும். ஜின்களின் வயலோடு குமிழியும் போய்விடுவாள்.

“நல்லா அழுவாங்க, தங்கச்சி. மாஸ்டரும் இப்படித்தான் நினைச்சிருப்பார்.”

உம்மா கட்டிலை விட்டு எழுந்தார்.

“அவள் சாகமாட்டாள் எண்டு சொல்லு மகள்.”

சொன்னேன்.

“மாஸ்டர் அப்படி எங்கயும் எழுதி வெச்சிரிக்காரா?”

இல்லை என்றேன்.

“அப்ப ஒண்டும் செய்யேலாது. நாளைக்கு அச்சுக் கோக்கிறாங்க.”

உம்மா என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. விறாந்தையில் கதிரையை இழுத்து சரீப் நானா எழும்புவது கேட்டது.

உம்மா என் தோளுக்கு மேலால் கதைத்தார். விறாந்தை வரை கேட்கும்படி, நிதானமாக.

“தம்பி சரீப், மாஸ்டர் எழுதினது மட்டும்தான். எனக்கு எழுதத் தெரியா. குமிழிட கதை எல்லாம் நான் சொன்னது.”